முதல் நடை போனவர்: ஏர் கமடோர் மெஹர் சிங் சரித்திரம்

லெம்பா பெர்த்தாமில் கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்குப் பாதை அடைபடுவது என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. தாப்பாவிலிருந்து ஏறி வரும் மலைப் பாதையில் மழைக்காலத்து மண்சரிவு விழுந்துவிட்டால், அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் அடிவாரத்தில் நிற்கும். கோஸும் தக்காளியும் மேலே கிடந்து வாடும். தோட்டத்துச் சனங்கள் கடைக்கு வந்து தட்டைப் பார்ப்பார்கள். நாம் அவர்கள் முகத்தைப் பார்ப்போம். நமக்கு அது இரண்டொரு நாள் துன்பம். பாதை ஆறு மாதம், ஒரு வருஷம் என்று அடைபட்டு, சுற்றிலும் பீரங்கியும் முழங்கும் ஒரு பள்ளத்தாக்கை எண்ணிப் பாருங்கள். அப்படிப்பட்ட ஊர்களுக்கு ஆகாயத்திலே பாதை போட்டவர் ஒருவர் இருந்தார். இந்திய விமானப் படையின் ஏர் கமடோர் மெஹர் சிங் என்பவரே அவர். படையினர் அவரைப் பாபா என்று செல்லமாக அழைத்தார்கள். அவர் மறைந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அவரது வரலாறு வியாபாரிகளாகிய நமக்கும் உதவும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

இளமையும் பயிற்சியும்

மெஹர் சிங் 1915 மார்ச் 20ஆம் தேதி பஞ்சாபில் லயால்பூர் ஜில்லாவில் ஒரு சீக்கியக் குடும்பத்தில் பிறந்தார். இன்று பாகிஸ்தானில் பைஸலாபாத் என்று வழங்கும் ஊர்தான் அந்த லயால்பூர். அவர் கல்லூரியில் படிக்கும் காலத்திலேயே விமானப் படைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1934ல் இங்கிலாந்திலுள்ள கிரான்வெல் விமானப் படைக் கல்லூரிக்குச் சென்றார்.

அப்போது இந்திய விமானப் படை கைக்குழந்தையாக இருந்தது. 1932 அக்டோபர் 8ஆம் தேதிதான் அது சட்டப்படி தோன்றியது. 1933 ஏப்ரல் 1ஆம் தேதி கராச்சியில் அதன் முதல் அணி ஆரம்பமானபோது கையிலிருந்தவை நான்கே விமானங்கள். இந்திய விமானிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். இந்தியரால் விமானம் ஓட்டவும் முடியுமா, படையை நடத்தவும் முடியுமா என்ற சந்தேகம் வெள்ளை அதிகாரிகள் பலரிடம் வெளிப்படையாகவே இருந்தது. அந்த நாளில் ஓர் இந்திய விமானி தவறு செய்தால் அது அவர் ஒருவருடைய தவறாக எண்ணப்படாது. ஒரு தேசத்தின் தவறாகவே எண்ணப்படும். இந்தச் சுமையுடன்தான் மெஹர் சிங் 1936ல் உத்தியோகம் ஏற்று முதலாம் அணியில் சேர்ந்தார்.

குலாம் அலியும் மெஹர் சிங்கும்

முதலாம் அணி வடமேற்கு எல்லைப் புறத்தில் வேலை செய்தது. ஈப்பி பக்கீர் என்று பெயர் பெற்ற மிர்ஸா அலீ கான் வஸீரிஸ்தான் மலைகளில் பிரிட்டிஷாரை எதிர்த்துப் போரிட்டுவந்த காலம் அது. அந்நிய சர்க்காரின் உத்தரவுப்படி மலைவாசிகள் மீது விமானங்களை ஏவிய அந்தப் போரின் நியாயத்தை இன்று நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆயினும் அந்த மலைகளில் நடந்த ஒரு சம்பவத்தை இங்கே சொல்லாமல் விட முடியாது.

அவர்கள் ஓட்டிய விமானத்தின் பெயர் வாப்பிட்டி. மேலும் கீழுமாக இரட்டை இறக்கை, ஒரே எஞ்சின், கூரையில்லாத இரண்டு இருக்கைகள். முன்னால் விமானி, பின்னால் துப்பாக்கி வீரர். வேகமும் குறைவு. மலை இடுக்குகளில் தாழப் பறக்கும்போது, உச்சியில் உட்கார்ந்திருப்பவனுடைய துப்பாக்கிக் குண்டு சில சமயம் மேலிருந்து கீழாகவே வந்து தாக்கும். அகப்பட்டால் உயிர் தப்புவது அரிது. ஆகவே விமானியைப் பத்திரமாகக் கொண்டுவந்து ஒப்படைப்பவருக்கு இன்ன தொகை தரப்படும் என்று எழுதிய சீட்டு ஒன்றை ஒவ்வொரு விமானியும் பையில் வைத்துக்கொண்டு பறப்பது வழக்கமாயிருந்தது. நம் முன்னோர் உண்டியல் சீட்டை மடியில் முடிந்துகொண்டு கப்பலேறினார்கள்; அவர்கள் தங்கள் உயிருக்கே சீட்டு எழுதி வைத்துக்கொண்டார்கள்.

ஷக்து பள்ளத்தாக்கில் ஒரு நாள் மெஹர் சிங்கின் விமானத்து எண்ணெய்த் தொட்டியில் குண்டு பாய்ந்தது. பாறைகள் நிறைந்த ஓர் இடுக்கில் அவர் எப்படியோ விமானத்தை இறக்கினார். விமானம் சிதைந்தது, அவரும் துப்பாக்கி வீரர் குலாம் அலியும் உயிருடன் வெளியே வந்தார்கள். சுற்றிலும் அவர்களைத் தேடும் மலைவாசிகள். இருட்டில் பதுங்கியும் நடந்தும், பள்ளத்தில் இறங்கியும் மேட்டில் ஏறியும் அவ்விருவரும் ஒரு ராணுவக் காவல் நிலையத்தை அடைந்தார்கள். ஒருவர் சீக்கியர், மற்றவர் முஸ்லிம். ஒருவர் அதிகாரி, மற்றவர் சிப்பாய். அந்த இரவில் அந்த வேற்றுமைகளுக்கு அங்கே வேலையில்லை. காவல் நிலையம் சேர்ந்த பின் மெஹர் சிங் நீண்ட ஓய்வு கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. தாமதமின்றி மீண்டும் விமானம் ஏறினார்.

திருச்சியில் பிறந்த அணி

பின்னர் உலக யுத்தம் வந்தது. 1942ல் ஜப்பானியர் மலாயா, சிங்கப்பூர், பர்மா எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டார்கள். ரங்கூனில் கடை வைத்திருந்த நம்மவர் பலர் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, அரக்கான் மலைகளைக் கால்நடையாகக் கடந்து சிட்டகாங்கை நோக்கி நடந்த துயரக் கதையை நம் குடும்பங்களில் இன்றும் சொல்லிவருகிறோம். வழியில் பசிக்கும் காலராவுக்கும் பலியானவர்கள் எத்தனையோ பேர்.

அந்த அரக்கான் போர்முனைக்கென்று ஒரு புதிய விமான அணி தயாராயிற்று. அது தயாரான இடம் நமக்கு மிகவும் வேண்டிய ஊர். இன்று நம்மவர்கள் கோலாலம்பூரில் விமானம் ஏறி, ஊருக்குப் போகும்போது இறங்குகிறார்களே, அந்தத் திருச்சிராப்பள்ளிதான். 1942 டிசம்பர் 1ஆம் தேதி இந்திய விமானப் படையின் ஆறாம் அணி திருச்சியிலே தோற்றுவிக்கப்பட்டது. அதற்குத் தலைவராக வந்தவர் ஸ்குவாட்ரன் லீடர் மெஹர் சிங். அப்போது அவருக்கு வயது 27.

அணிக்குக் கிடைத்தவை ஹரிக்கேன் சண்டை விமானங்கள். 1940ல் லண்டன் நகரைக் காத்ததற்குப் பெயர் பெற்ற விமானம்தான். ஆனால் 1943ல் அது பழசாகிவிட்டது. ஜப்பானியரின் சண்டை விமானங்கள் அதைவிட இலேசானவை, சட்டென்று திரும்பக் கூடியவை. அந்தப் பழைய விமானங்களை வைத்துக்கொண்டு ஆறாம் அணி செய்ய வேண்டிய வேலை வேவு பார்ப்பது. எதிரியின் காட்டுப் பாதைகள், படகுகள், பாலங்கள், படை நகரும் திசை ஆகியவற்றைத் தாழப் பறந்து பார்த்தும் படம் பிடித்தும் வர வேண்டும்.

1943 நவம்பர் இறுதியில் அணி காக்ஸ் பஜாரை அடைந்தது. இரண்டிரண்டு விமானங்களாகப் பறப்பது அவர்கள் முறை. ஒருவர் பூமியைப் பார்ப்பார். மற்றவர் பின்னாலும் பக்கத்திலும் நெளிந்து பறந்து ஆகாயத்தைப் பார்ப்பார். பூமியைப் பார்ப்பவர் தலை நிமிர்ந்து பார்க்கத் தேவையில்லை, அவர் உயிர் மற்றவர் கண்ணில் இருக்கிறது. கல்லாவில் உட்காரும் பங்காளியும் சரக்கெடுக்கப் போகும் பங்காளியும் ஒருவரையொருவர் நம்புவது போன்ற ஏற்பாடு இது. நம்பிக்கை ஒரு கணம் தவறினாலும் இருவரும் போக வேண்டியதுதான்.

1944 பிப்ரவரியில் ஜப்பானியர் அரக்கானில் பெருந்தாக்குதல் தொடங்கினார்கள். ஏழாவது இந்திய டிவிஷன் சூழப்பட்டது. முன்காலமாயிருந்தால், சூழப்பட்ட சேனை பின்வாங்கும் அல்லது பட்டினியால் சரணடையும். இம்முறை அவ்வாறு நடக்கவில்லை. டக்கோட்டா என்ற சரக்கு விமானங்கள் உணவையும் வெடிமருந்தையும் பாராசூட்டில் இறக்கிக்கொண்டே இருந்தன. சேனை இருந்த இடத்திலேயே நின்று வென்றது. அந்நாட்களில் ஆறாம் அணி இடைவிடாமல் பறந்தது. விமானிகள் சிலரை இழந்தது. அதன் விமானி ஜகதீஷ் சந்திர வர்மா ஒரு ஜப்பானியச் சண்டை விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார்.

பதினான்காம் சேனையின் தளபதி ஸ்லிம், போருக்குப் பின் எழுதிய தம் நூலில் இந்த அணியையும் அதன் இளம் சீக்கியத் தலைவரையும் மனமாரப் புகழ்ந்திருக்கிறார். அந்த அணிக்குச் சேனையின் கண்கள் என்ற பெயரே ஏற்பட்டது. 1944ல் மெஹர் சிங்குக்கு டி.எஸ்.ஓ. என்னும் உயர்ந்த விருது அளிக்கப்பட்டது. அந்த யுத்தத்தில் இந்திய விமானப் படையில் அந்த விருதைப் பெற்றவர் அவர் ஒருவரே. இந்தியரால் படை நடத்த முடியுமா என்ற கேள்விக்கு அத்துடன் பதில் கிடைத்துவிட்டது.

பூஞ்ச் நகரம்

1947ல் தேசம் இரண்டானது. விமானப் படையும் இரண்டாகப் பிரிந்தது. ஒரே அணியில் பறந்த சிநேகிதர்கள் ஆளுக்கொரு கொடியின் கீழ் போனார்கள். மெஹர் சிங் பிறந்த ஜில்லா பாகிஸ்தானைச் சேர்ந்தது. அவர் இந்தியாவில் இருந்தார். சில மாதங்களுக்குள் காஷ்மீரை முன்னிட்டு இரு நாடுகளுக்கும் போர் மூண்டது. அந்த வழக்கின் நியாயங்களை ஆராய்வது இக்கட்டுரையின் வேலையன்று. முற்றுகையில் அகப்பட்ட சனங்களுக்கு ஒரு அதிகாரி என்ன செய்தார் என்பதையே சொல்ல வந்தோம்.

அப்போது அவர் ஏர் கமடோர். தரைப் படையில் பிரிகேடியருக்குச் சமமான பதவி. வயதோ 32தான். காஷ்மீர்ப் போரின் விமான வேலை முழுவதையும் நடத்தும் பொறுப்பு அவருடையது. அக்டோபர் 27ஆம் தேதி முதல் டக்கோட்டாக்கள் டில்லியிலிருந்து ஸ்ரீநகருக்குப் படைகளை ஏற்றிச் சென்றன. இத்தகைய பதவியில் இருப்பவர் மேஜையருகே அமர்ந்து, வரைபடத்தைப் பார்த்து, இன்னார் இங்கே போகட்டும் என்று கட்டளையிட்டால் போதும். சட்டமும் அவ்வளவுதான் எதிர்பார்க்கிறது.

பூஞ்ச் நகரம் நாற்புறமும் மலை சூழ்ந்தது. 1947 நவம்பரில் அது முற்றுகைக்குள்ளாயிற்று. உள்ளே ஒரு சிறு படையும், அடைக்கலம் தேடி வந்த சுமார் 40,000 சனங்களும் இருந்தார்கள். உப்பு, அரிசி, மருந்து எதுவும் தரைவழியாக வர வழியில்லை. விமானம் இறங்க இடம் வேண்டும். அங்கே படைக்குத் தலைமை வகித்த பிரீதம் சிங் என்பவர் சிப்பாய்களையும் அகதிகளையும் கொண்டு ஒரு ஓடுதளம் அமைத்தார். மண்வெட்டியும் கூடையுமே கருவிகள். நீளம் சுமார் 600 கெஜம். சுற்றிலும் மலையும் ஓடையுமாக இருந்தபடியால் விமானம் ஒரே முயற்சியில் இறங்கியாக வேண்டும்.

அந்தத் தளத்தில் டக்கோட்டா இறங்குமா என்று யாருக்கும் தெரியாது. முயன்று பார்த்தால்தான் தெரியும். அதை ஓர் இளம் விமானியிடம் விட மெஹர் சிங்குக்கு மனமில்லை. 1947 டிசம்பரில் முதல் டக்கோட்டாவைத் தாமே ஓட்டிச் சென்று பூஞ்சில் இறக்கினார். அவருடன் அதே விமானத்தில் சென்றவர் சுப்ரதோ முகர்ஜி. பின்னாளில் இந்திய விமானப் படைக்கே தலைவரானவர். இரண்டு பெரிய அதிகாரிகள் தங்கள் உயிரைப் பணயம் வைத்து இறங்கியதைக் கண்ட பிறகு மற்ற விமானிகளுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை.

அதன் பின் நடை மேல் நடையாக விமானங்கள் வந்தன. போகும்போது சரக்கு, திரும்பும்போது காயம்பட்டவர்களும் அகதிகளும். டக்கோட்டாவின் கணக்குக்கு மேலேயே பாரம் ஏற்றப்பட்டது. எதிரியின் பீரங்கிகள் ஓடுதளத்தைப் பகலில் தாக்கத் தொடங்கியதும், பதிலுக்குப் பீரங்கிகளை உள்ளே கொண்டுபோக வேண்டியதாயிற்று. பகலில் இறங்கினால் அழிவு நிச்சயம். ஆகவே இரவிலே, எண்ணெய் விளக்குகளை வரிசையாக வைத்து அடையாளம் காட்டிய தளத்தில், மலைகளுக்கு நடுவே விமானங்கள் இறங்கின. அந்த இரவு வேலையிலும் மெஹர் சிங் தாமே முன்னின்றார். சுமார் ஒரு வருஷம் முற்றுகையைத் தாங்கிய பூஞ்ச், 1948 நவம்பரில் தரைவழியாக மீட்கப்பட்டது.

லே நகரம்

பூஞ்சைவிடக் கடினமானது லடாக்கின் லே. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 11,500 அடி உயரத்தில் உள்ள ஊர். நம் கேமரன் மலையில் பிரிஞ்சாங் சிகரம் 6,600 அடிக்குச் சற்று மேல். அதற்கும் மேலே ஏறக்குறைய 5,000 அடி சென்றால்தான் லேயின் தரையே வரும். 1948ல் லேக்கு ஆபத்து நெருங்கியது. மலைக் கணவாய்கள் வழியே படை நடந்து செல்லக் காலமில்லை. சோனம் நோர்பு என்ற லடாக்கி எஞ்சினீயர் ஊர்ச் சனங்களைக் கொண்டு சில வாரங்களுக்குள் ஒரு ஓடுதளத்தை அமைத்து முடித்தார். அதில் அதுவரை எந்த விமானமும் இறங்கியதில்லை.

அங்கே போவதென்றால் ஸோஜி லா, போட்டு லா முதலிய கணவாய்களைத் தாண்ட வேண்டும். இருபுறமும் அவற்றைவிட உயர்ந்த பனிச் சிகரங்கள். டக்கோட்டாவினுள் காற்றழுத்தம் காக்கும் சாதனம் கிடையாது. இறக்கையில் பனி உறைந்தால் நீக்கும் கருவியும் இல்லை. பாதை காட்டும் நல்ல வரைபடமும் இல்லை. இருபதாயிரம் அடிக்கு மேலே ஏறினால் மூச்சுத் திணறும், சிந்தனை மங்கும். காற்று மெலிந்திருப்பதால் இறங்கும் வேகமும் அதிகமாகும். தளத்தின் நீளமோ மாறாது.

1948 மே 24ஆம் தேதி மெஹர் சிங் முதல் டக்கோட்டாவை ஓட்டிச் சென்று லேயில் இறக்கினார். உடன் சென்றவர் அந்தப் பகுதித் தளபதி மேஜர் ஜெனரல் திம்மையா. மற்ற டக்கோட்டாக்கள் பின்தொடர்ந்தன. படைவீரர்களும் சரக்கும் வந்து சேர்ந்தன. லே காப்பாற்றப்பட்டது. இன்று அந்த ஊருக்குப் பிரயாணிகள் விமானத்தில் சென்று இறங்குகிறார்கள். அவர்கள் போகும் ஆகாயப் பாதையில் முதல் நடை போனவர் அவரே.

விலகலும் முடிவும்

இத்தனை செய்தவர் படையின் உச்சிக்குப் போயிருப்பார் என்று நினைப்போம். நடந்தது வேறு. அதே 1948ல், மேலிடத்துடன் ஏற்பட்ட கருத்து வேற்றுமையால், அவர் விமானப் படையை விட்டு விலகினார். வயது 33. அதன்பின் பட்டியாலா மகாராஜாவின் ஆலோசகராகப் பணியாற்றினார். 1950 ஜனவரி 26ஆம் தேதி இந்தியா குடியரசானபோது, போர்க்களத் தீரத்துக்கான இரண்டாவது பெரிய விருதாகிய மகாவீர சக்கரம் அவருக்கு அறிவிக்கப்பட்டது. விருது வந்தபோது அவர் படையில் இல்லை.

1952 மார்ச் மாதம் ஜம்முவிலிருந்து டில்லிக்கு ஒரு சிறு விமானத்தை ஓட்டிவந்தார். டில்லியை நெருங்கும்போது இடியும் புயலும் சூழ்ந்தன. விமானம் விழுந்து அவர் உயிர் நீத்தார். 37 வயது நிறையச் சில நாட்களே இருந்தன. வஸீரிஸ்தான் குண்டுக்கும் ஜப்பானிய விமானத்துக்கும் லேயின் பனிக்கும் தப்பியவரைச் சமவெளியில் ஒரு மழை மேகம் கொண்டுபோயிற்று. காலம் வந்தால் இடம் ஒரு பொருட்டல்ல.

நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது

மெஹர் சிங் செய்தது சரியா என்று கேட்போரும் உண்டு. ஒரு படைப் பிரிவின் தலைவர் முதல் விமானத்திலேயே விழுந்து மடிந்தால், பின்னால் வருவோரை நடத்துவது யார்? தலைவனுடைய உயிர் அவனுக்கு மட்டும் சொந்தமல்ல. அது பலருடைய அமானிதம். இந்தக் கேள்வியை அலட்சியம் செய்ய முடியாது. முன்னால் நின்றே பழகியவருக்கு மேஜையும் கோப்பும் ஒத்துவராமல் போவதும் உலகத்தில் காண்பதுதான். அந்த இழப்பு அவருக்கும் உண்டு, படைக்கும் உண்டு.

ஆனால் அவர் எதைத் தமக்கென்று எடுத்துக்கொண்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லா நடையையும் அவரே போகவில்லை. பாதை தெரிந்த பிறகு மற்றவர்களை அனுப்பினார், அவர்களை நம்பினார். எவருக்கும் தெரியாத முதல் நடையை மட்டும் பிறர் தலையில் வைக்காமல் தாம் வைத்துக்கொண்டார். முடியுமா முடியாதா என்று தமக்கே தெரியாத காரியத்தில், சம்பளம் வாங்கும் இளைஞனை முதலில் தள்ளிப் பார்ப்பது அவருக்கு முறையாகப் படவில்லை.

நம் முன்னோர்கள் நாகூரிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் முதன் முதலில் இக்கரை வந்தபோது செய்ததும் இதுதான். தாம் வந்து, தாம் கஷ்டப்பட்டு, பாதை இன்னதென்று கண்ட பிறகே தம்பியையும் மருமகனையும் அழைத்தார்கள். இன்று நம்மில் கடை விரித்து, லாரி வைத்து, ஆள் வைத்து நடத்துவோர் பலர். புதிய ஊர், புதிய சரக்கு, மழையில் நனைந்த மலைப் பாதை என்று வரும்போது, முதல் லாரியில் யாரை ஏற்றுகிறோம்? நேற்று வேலைக்கு வந்த பையனையா, அல்லது நாமே ஏறி அவன் பக்கத்தில் உட்காருகிறோமா? ஏர் கமடோர் மெஹர் சிங் இந்தக் கேள்விக்குப் பூஞ்சிலும் லேயிலும் தம் கையாலேயே பதில் எழுதிவைத்துப் போனார்.